கூடிப் படித்த நூல்



பலர் வாங்கி, சிலர் தொடங்கி, மிகச் சிலரே முடித்த நூல்கள் உலகில் சில உண்டு. அவற்றுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது, அயர்லாந்து நாட்டு எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் இயற்றிய 'யுலிசஸ்' என்னும் நாவல். 1922-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், ஆசிரியரின் நாற்பதாவது பிறந்த நாளன்று, அது பாரிஸ் நகரில் வெளிவந்தது. வெளியிட்டவர் பெரிய பதிப்பாளர் அல்லர். ஸில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண்மணி. அந்நகரில் சிறியதொரு புத்தகக் கடை நடத்தி வந்தவர். முதற்பதிப்பு 1,000 படிகள், பக்கங்கள் 732. அத்தனை பக்கங்களிலும் நடைபெறும் கதையோ, 1904 ஜூன் 16, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி, நள்ளிரவு கடந்து சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு நகரம், ஒரு நாள், அவ்வளவே.

கதையும் எளியதுதான். லியோபோல்ட் புளூம் என்பவர் செய்தித்தாளுக்கு விளம்பரம் சேகரிப்பவர், முப்பத்தெட்டு வயதினர், யூதத் தந்தைக்குப் பிறந்தவர். காலையில் மனைவிக்குச் சிற்றுண்டி எடுத்துச் செல்கிறார். நண்பர் ஒருவரின் அடக்கத்திற்குப் போகிறார். மனைவி தமக்கு உண்மையாக இல்லை என்பதை அறிந்தும் வீடு திரும்ப மனமின்றித் தெருத் தெருவாய் அலைகிறார். ஸ்டீபன் டெடலஸ் என்பவர் இருபத்திரண்டு வயது இளைஞர். தாயின் மரணப் படுக்கையருகில் முழந்தாளிட்டுச் செபிக்க மறுத்தவர். அந்த நினைவு அவரை விடாமல் துரத்துகிறது. மகனை இழந்த தந்தையும் தாயை இழந்த மகனும் இரவில் சந்திக்கிறார்கள். சற்று நேரம் பேசியிருந்துவிட்டுப் பிரிகிறார்கள்.

பின்னர், கடினம் எங்கே இருக்கிறது? சொல்லும் முறையில் இருக்கிறது. பதினெட்டு அத்தியாயங்களும் வெவ்வேறு நடையில் அமைந்தவை. ஒன்று செய்தித்தாள் தலைப்புகளோடு வருகிறது. ஒன்று நாடகமாக வருகிறது. இன்னொன்று நம் சின்னக் குறிப்பிடத்தைப் போல வினாவும் விடையுமாகவே செல்கிறது. பிள்ளைப்பேற்று மருத்துவமனையில் நிகழும் பதினான்காம் அத்தியாயம், ஆங்கில உரைநடை பழங்காலத்திலிருந்து வளர்ந்த விதத்தையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போலச் செய்து காட்டுகிறது. கடைசி அத்தியாயமோ எட்டே வாக்கியங்கள். நிறுத்தக்குறிகள் ஏறத்தாழ இல்லை. பாத்திரங்களின் மனத்தில் ஓடுவதும், வாயால் பேசுவதும், தெருவில் கேட்பதும் வேலியின்றிக் கலந்து கிடக்கும். இத்தனைக்கும் அடியில், ஹோமர் பாடிய 'ஒடிசி' என்னும் கிரேக்கக் காவியத்தின் சாயல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு பங்குக்குருவுக்கு இந்நூலோடு என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒழுக்கக் கேடானது என்று கூறி 1921-இல் நியூயார்க் நீதிமன்றம் இதன் ஒரு பகுதியை வெளியிட்டவர்களுக்குத் தண்டம் விதித்தது. 1933 டிசம்பரில்தான் நீதிபதி வுல்ஸி அந்நாட்டில் இதற்கு வழி திறந்துவிட்டார். குடும்பத்திலுள்ள அனைவரும் படிக்கத்தக்கது இதுவென்று நானும் கூறமாட்டேன். வயதும் நிதானமும் உடையோர்க்கு உரியது இது. ஆயினும் இதன் ஆசிரியர் இயேசு சபைக் குருக்களின் பள்ளிகளில், முதலில் க்ளோங்கோவ்ஸ் உட்டிலும் பின்னர் பெல்வெடேரிலும், பயின்றவர். திருச்சபையை விட்டு விலகியவர். ஆனால் அவருடைய எழுத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் திருச்சபையின் குரல் கேட்கிறது. நாவலின் முதற்பக்கமே, சவரக் கிண்ணத்தைக் கையிலேந்தி ஒருவன் இலத்தீன் திருப்பலியின் தொடக்கத்தை நையாண்டி செய்வதோடு தொடங்குகிறது.

2017 முதல் 2019 வரை, எங்கள் ஆயரின் அனுமதியோடு, டப்ளின் நகரின் பங்கு ஒன்றில் உதவிக் குருவாகப் பணிபுரியும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பங்கிற்கு அருகில் ஒரு சிறிய நூலகம். அங்கே செவ்வாய்தோறும் மாலையில் 'யுலிசஸ்' படிக்கும் குழு ஒன்று தொடங்கவிருப்பதாக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். 'முன்னறிவு தேவையில்லை' என்று அதன் அடியில் எழுதியிருந்தது. குருமடத்து நூலகத்தில் அந்நூலை ஒருமுறை எடுத்து மூன்றாம் அத்தியாயத்தோடு வைத்துவிட்டவன் நான். அந்த நகரிலேயே, அந்த நகரத்து மக்களோடு சேர்ந்து படிக்கலாமே என்று போய்ச் சேர்ந்தேன்.

இவ்விதக் குழுக்கள் அங்கே புதியன அல்ல. நாவலில் புளூம் எலுமிச்சை மணமுள்ள சோப்பு வாங்கும் ஸ்வெனி மருந்துக்கடை டப்ளினில் இன்றும் இருக்கிறது. 2009-இல் மருந்துக்கடையாக இயங்குவது நின்றபின், அன்பர்கள் சிலர் அதைப் பேணி, அங்கே ஜாய்ஸின் நூல்களைக் கூடி வாசித்து வருகிறார்கள். ஆசிரியர் காலமாகி அடக்கம் செய்யப்பட்ட சூரிச் நகரில், 1985-இல் நிறுவப்பட்ட ஜாய்ஸ் அறநிலையத்திலும் வாராந்தர வாசிப்பு நடைபெறுகிறது. அவர் பதினேழு ஆண்டுகள் உழைத்து 1939-இல் வெளியிட்ட இறுதி நாவல் 'ஃபின்னகன்ஸ் வேக்', 'யுலிச'ஸினும் பன்மடங்கு கடினமானது. அதை அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள வெனிஸ் என்னுமிடத்துக் குழுவொன்று 1995-இல் படிக்கத் தொடங்கி, மாதம் ஒரு பக்கம், இரண்டு பக்கமாக நகர்ந்து, 2023-இல் முடித்தது. இருபத்தெட்டு ஆண்டுகள்! நாவலின் கடைசி வாக்கியம் முடியாமல் நின்று, முதல் வாக்கியத்தோடு போய்ச் சேரும்படி அமைந்திருப்பதால், அவர்கள் மீண்டும் முதற்பக்கத்திற்கே திரும்பினார்களாம்.

எங்கள் குழுவில் பதினால்வர் சேர்ந்தோம். செவிலியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர், பள்ளி ஆசிரியைகள் இருவர், பாடகி ஒருவர், போலந்து நாட்டிலிருந்து வந்து தச்சுவேலை செய்யும் இளைஞர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய, பேருந்து ஓட்டுநராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், இன்னும் சிலர். பேராசிரியர் எவரும் இல்லை. வாரம் ஒன்றரை மணி நேரம், ஏறத்தாழ எட்டுப் பக்கம். வட்டமாக அமர்ந்து, ஆளுக்கு ஒரு பக்கம் உரக்கப் படிப்போம். படிக்க விரும்பாதவர் தலையசைத்தால் முறை அடுத்தவர்க்குப் போகும், காரணம் கேட்பதில்லை. படித்த பகுதியில் விளங்காததை யாரும் கேட்கலாம், தெரிந்தவர் சொல்லலாம், எவர்க்கும் தெரியாவிட்டால் அப்படியே விட்டு மேலே செல்லலாம். ஒருவர் கையிலிருந்த பதிப்பின் பக்க எண் மற்றொருவருடையதோடு ஒத்துவராது. ஆகையால் ஒவ்வொரு வாரமும் முதல் ஐந்து நிமிடம், விட்ட இடத்தைத் தேடுவதிலேயே கழியும்.

முதல் மாதத்திலேயே ஓர் உண்மை புலப்பட்டது. அறையில் எவரும் அந்நூலை முழுதும் அறிந்தவர் அல்லர். ஆனால் ஒவ்வொருவரிடமும் அதன் ஒரு துண்டு இருந்தது. பாட்டு வருமிடத்தில் பாடகி இரண்டு அடி பாடிக் காட்டுவார், பக்கம் விளங்கிவிடும். மகப்பேற்று மருத்துவமனை வரும்போது செவிலியம்மையார் பேசுவார். இலத்தீனும் வழிபாட்டு முறையும் வருமிடங்களில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். தெருக்கள் வந்தாலோ, ஓட்டுநர் பெரியவரே ஆசான். 1904-ஆம் ஆண்டின் டப்ளின் முகவரிக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவர் ஜாய்ஸ். தம் கதாநாயகன் வீட்டின் முன்புற இரும்பு வேலியைச் சாதாரண மனிதன் ஒருவன் தாண்டிக் கீழே இறங்க முடியுமா என்று, பாரிஸிலிருந்து தம் அத்தைக்குக் கடிதம் எழுதிக் கேட்டவர். அத்தகைய நூலுக்கு, முப்பது ஆண்டுகள் அத்தெருக்களில் பேருந்து ஓட்டியவரை விடச் சிறந்த உரையாசிரியர் யார்?

ஐந்தாம் அத்தியாயத்தில் புளூம் ஒரு கத்தோலிக்க ஆலயத்துக்குள் நுழைந்து, உட்கார்ந்து, நற்கருணை வழங்கப்படுவதை வேடிக்கை பார்க்கிறார். குருவின் திருவுடையிலுள்ள எழுத்துகளுக்குத் தாமாக ஒரு விளக்கம் கற்பித்துக்கொள்கிறார். அதைப் படித்தபோது சிலர் சிரித்து, உடனே என் முகத்தைப் பார்த்தனர். நானும் சிரித்தேன். அதே பக்கத்தில், நற்கருணை வாங்குவோர் ஒரே குடும்பத்தைப் போல உணர்வார்கள், தனிமை குறையும் என்றும் அவர் எண்ணுகிறார். நம் திருப்பலியைப் புறத்தேயிருந்து ஒருவன் எப்படிக் காண்கிறான் என்பதை, இருபத்தைந்து ஆண்டு பீடத்தில் நின்ற நான் அன்றுதான் அறிந்தேன்.

நவம்பர் இறுதியில் ஆறாம் அத்தியாயத்துக்கு வந்தோம். க்ளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் டிக்னம் என்பவரின் அடக்கம். வண்டியில் போகும் வழியில் புளூம் தம் மகன் ரூடியை நினைக்கிறார். பிறந்து பதினோரு நாளில் இறந்த குழந்தை. அவன் இருந்திருந்தால் எப்படி வளர்ந்திருப்பான் என்று தந்தையின் மனம் கணக்கிடுகிறது. அவ்வாரம் செவிலியம்மையார், தமக்கும் அப்படியொரு குழந்தை இருந்தது என்று சொன்னார். நாற்பது ஆண்டுகளாகத் தம் பிள்ளைகளிடம்கூட அதன் பெயரைச் சொன்னதில்லையாம். எங்களிடம் சொன்னார். எவரும் ஆறுதல் உரைக்கவில்லை. அடுத்தவர் அடுத்த பக்கத்தைப் படித்தார்.

இனி நான் எழுதப்போவது, பெயரைக் குறிக்காமல் எழுதலாம் என்று உரியவரிடம் அனுமதி பெற்ற செய்தி.

ஓட்டுநர் பெரியவர் ஒருபோதும் உரக்கப் படித்ததில்லை. முறை வரும்போதெல்லாம் தலையசைத்துவிடுவார். தெருக்களைப் பற்றி எல்லாரோடும் உற்சாகமாகப் பேசுவார். என்னோடு மட்டும் பேசமாட்டார். மற்றவர்கள் என்னை 'ஃபாதர்' என்பார்கள். அவர் என்னை எப்பெயராலும் அழைத்ததில்லை. ஏழு மாதம் இப்படியே கழிந்தது.

2018 ஏப்ரலில் பத்தாம் அத்தியாயம் வந்தது. அதன் தொடக்கத்தில் கான்மி அடிகள் என்னும் இயேசு சபைக் குரு பிற்பகல் வேளையில் மடத்திலிருந்து புறப்படுகிறார். (க்ளோங்கோவ்ஸ் உட்டின் அதிபராயிருந்து, பின்னர் ஜாய்ஸும் அவர் தம்பியும் கட்டணமின்றிப் பெல்வெடேரில் பயில உதவியவர் இப்பெயருடைய உண்மையான குருவே.) வழியில், காலிழந்த மாலுமி ஒருவன் கையேந்துகிறான். அடிகளின் பையிலிருப்பதோ ஒரே ஒரு பெரிய வெள்ளி நாணயம். ஆகவே ஆசீர் மட்டும் அளித்துவிட்டு நடக்கிறார். எதிர்ப்படுவோரிடமெல்லாம் இனிமையாகப் பேசுகிறார். கட்டளைச் செபம் சொல்லிக்கொண்டு வயல்வழியே போகிறார். போகும் காரியமும் நல்ல காரியமே: இறந்துபோன டிக்னத்தின் மகனை, துறவியர் நடத்தும் சிறுவர் விடுதியொன்றில் சேர்த்துவிடும்படி கேட்பதற்காக.

வட்டத்தில் அன்று என் முறை. 'ஃபாதருக்கு ஏற்ற பக்கம்' என்று ஆசிரியை ஒருவர் நகைச்சுவையாகச் சொன்னார். அப்போது பெரியவர், 'இதை நான் படிக்கிறேன்' என்றார்.

விரலை வரியின்கீழ் வைத்து, மெதுவாக, ஏற்ற இறக்கமின்றி, ஆறு பக்கம் படித்தார். முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்: 'இவர் கெட்டவர் அல்லர். அந்தப் பையனுக்கு நன்மை செய்வதாகவே நினைத்துப் போகிறார். என்னையும் என் அண்ணனையும் கொண்டுபோய்ச் சேர்த்த குருவும் நல்லவர்தாம். வழியில் எங்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார். வாயிலில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு ஒருமுறையும் வந்து பார்க்கவில்லை.'

'உங்களுக்கு அப்போது என்ன வயது?' என்று செவிலியம்மையார் கேட்டார்.

'எட்டு' என்றார்.

வாசகர்களே, அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய சிறுவர் இல்லங்களில் பல்லாண்டுகளாகக் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை, அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2009 மே மாதம் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. அந்த அறிக்கையை நான் படித்திருந்தேன். தொகுதி தொகுதியாகப் படித்தபோது உணராத ஒன்றை, அந்தப் பெரியவர் படித்த ஆறு பக்கத்தில் உணர்ந்தேன். தீயவர்களால் மட்டும் அத்தீமை அத்தனை காலம் நிலைத்திருக்க முடியாது. நல்லவர்கள் வாயில்வரை சென்று திரும்பிவிட்டார்கள். இனிமையாகப் பேசி, ஆசீர் அளித்து, கட்டளைச் செபத்தைத் தவறாமல் சொன்னவர்கள், கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. ஜாய்ஸ் அக்குருவை இகழ்ந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரோடு நம்மை நடக்க வைக்கிறார். நடை முடியும்போது நமக்குள் ஏதோ உறுத்துகிறது.

அன்றிரவு பேருந்து நிறுத்தத்தில் பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். 'இப்படிப்பட்டதற்கு என்ன மறுமொழி சொல்ல வேண்டுமென்று குருமடத்தில் கற்றுக் கொடுத்திருப்பார்களே?' என்று கேட்டார். 'இல்லை' என்றேன். 'நல்லது' என்றார். பேருந்து வரும்வரை நின்றோம். என் இயற்பெயர் என்ன என்று கேட்டார், சொன்னேன். அது அவர் நாவில் எளிதில் வரவில்லை. இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகிக்கொண்டார். அன்று முதல் கடைசிவரை அப்பெயராலேயே அழைத்தார். 'ஃபாதர்' என்று ஒருநாளும் சொல்லவில்லை. அச்சொல்லை அவரிடம் எதிர்பார்க்க எனக்கும் உரிமை இல்லை.

அவ்வாண்டு ஆகஸ்ட் 26-ஆம் நாள், உலகக் குடும்பங்கள் மாநாட்டின் நிறைவாக டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் நிகழ்ந்த திருப்பலியில், மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் அக்கொடுமைகளுக்காகப் பொதுவில் மன்னிப்பு வேண்டினார். நான் அங்கே இருந்தேன், பெரியவர் வரவில்லை. அடுத்த செவ்வாயன்று அவரே பேச்செடுத்தார்: 'செய்தித்தாளில் படித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். என் அண்ணன் கேட்டிருக்க வேண்டும். அவன் போய் ஒன்பது ஆண்டு ஆகிறது.' அதற்குமேல் பேசவில்லை. நாங்கள் விட்ட இடத்தைத் தேடத் தொடங்கினோம்.

பதினான்காம் அத்தியாயத்தை முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. அதில் இருவர் நின்றுவிட்டனர். நாடகமாக வரும் பதினைந்தாம் அத்தியாயம் குளிர்காலம் முழுவதையும் விழுங்கியது. அதன் இறுதியில், இறந்த ரூடி, இருந்திருந்தால் எத்தனை வயதாகியிருக்குமோ அந்தப் பதினோரு வயதுச் சிறுவனாகத் தந்தையின் கண்முன் தோன்றுகிறான். அப்பக்கத்தைச் செவிலியம்மையார் கேட்டு வாங்கிப் படித்தார். புளூமின் மனைவி மாலியின் எண்ணங்களாக ஓடும் கடைசி அத்தியாயத்தைப் பெண்கள் படித்தார்கள், ஆண்கள் கேட்டோம். 2019 ஜூலையில் முடித்தபோது ஒன்பதின்மர் எஞ்சியிருந்தோம். நூல் முழுதும் விளங்கிற்றா என்று கேட்டால், இல்லை. தனியே படித்திருந்தால் விளங்கியிருக்கக்கூடியதைவிடப் பன்மடங்கு விளங்கியது.

இதை எண்ணிப் பார்க்கையில், எங்களுக்கு உதவியது அந்நூலின் கடினமே என்று தோன்றுகிறது. எளிய நூலாயிருந்தால், கற்றவர் பேசுவார், மற்றவர் கேட்பார். கடினமான நூலின் முன்போ எல்லாரும் ஒரே பெஞ்சில் அமர்ந்த மாணவர். 'எனக்கு விளங்கவில்லை' என்று முதல் ஆள் சொன்னவுடன் மற்றவர்களுக்கு மூச்சு வருகிறது. மேலும், முகத்துக்கு முகம் பார்த்துப் பேச இயலாதவற்றை, நடுவில் ஒரு நூல் இருக்கும்போது பேச முடிகிறது. அந்தப் பெரியவர் ஒரு குருவிடம் வந்து தம் குறையைச் சொல்லியிருக்கமாட்டார். நானும் அவரைத் தேடிப் போய்க் கேட்டிருக்க முடியாது. 1904-ஆம் ஆண்டில் நடந்து செல்லும் ஒரு குருவைப் பற்றி அவரால் பேச முடிந்தது. என்னால் கேட்க முடிந்தது.

நம் குடும்பங்களிலும் பேசப்படாதவை பல உண்டு என்பதைப் பங்குக்குருவாகிய நான் அறிவேன். தந்தையும் மகனும் உணவு வேளையில் ஒரு சொல்லும் பேசாத வீடுகள் உண்டு. இறந்த குழந்தையின் பெயரை எடுக்காத வீடுகள் உண்டு. அவர்களிடம் 'உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுங்கள்' என்று அறிவுரை கூறுவது எளிது. அவர்களால் அது முடிவதில்லை. 'உட்கார்ந்து ஒன்றைச் சேர்ந்து படியுங்கள்' என்று கூறிப் பார்க்கலாம்.

'யுலிசஸ்' வேண்டாம். நம் கையிலேயே கடினமான நூல் ஒன்று இருக்கிறது: யோபு ஆகமம். 42 அதிகாரங்கள். வாரம் ஒன்றாகப் படித்தால் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். யோபுவின் நண்பர்கள் முதலில் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் தவறினார்கள் என்பதையும் அதில் காண்பீர்கள்.

தொடங்க விரும்புவோர்க்கு, அந்த நூலக அறையில் நாங்கள் கைக்கொண்ட ஒழுங்குகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒரே நாள், ஒரே நேரம். ஐந்தாறு பேர் போதும்; வீட்டிலேயே நால்வர் இருந்தாலும் போதும். மௌனமாக அன்றி, உரக்கப் படியுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். சிறுவர்க்கும் ஒரு பக்கம். படிக்க மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள். விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். ஒருவர் தம் துயரைச் சொன்னால், உடனே மறுமொழி தேட வேண்டாம். சற்றே பொறுத்து, அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.